புஷ் பொட்டலத்தின் கடைசிப் படம்

அம்மா பஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் விட்ட வருடம், நான் ஐந்தாம் வகுப்பு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை அவளைக் கூட்டிப்போய் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் மில் முதலாளி கழித்துவிட்ட பழைய கார் ஒன்று இருந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வரும். சத்தம் காருக்கு, வலி அம்மாவுக்கு. மூன்றாவது வாரம் அம்மா, “இனி நான் வரல. நொண்டியாவே கெடந்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, அதைத் தாங்கும் இரும்புக் கையிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது என்றார். புதிதாக இரண்டு எடுத்துக் கொடுத்தார். மில்லில் பஞ்சு மூட்டை தூக்குகிற அப்பாவுக்கு ஒரு ரப்பர் துண்டு எம்மாத்திரம்? வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கிவிட்டார்.

பொட்டலத்துக்குள் ஒரு தாள் இருந்தது. மேலே முழுக்க இங்கிலீஷ், கீழே ஐந்து படங்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

“ஏலே, படிச்சுச் சொல்லு. அதும்படி செஞ்சிருவோம்.”

அந்தத் தாளில் எனக்குத் தெரிந்தவை ‘கார்’, ‘தி’ என்ற இரண்டு வார்த்தைகள். மிச்சத்தை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, படத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை சுவர்மேல் எட்டிப் பார்த்து, “ஏட்டி, ஒம்மவன் எம்புட்டு வேகமாப் படிக்கான் பாரு!” என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது?

பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதியதில் சோப்புத் தண்ணீர் தடவி, நெருக்கி ஏற்றினார் அப்பா. கடைசிப் படத்தில் கார் நாலு சக்கரத்திலும் தரையில் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று காட்டுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“அம்புட்டுத்தாம்ப்பா. முறுக்கிட்டு எறக்கிரலாம்.”

அப்பா தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “சரியாப் படிச்சியால?”

“சரியாத்தான் படிச்சேன்.”

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினார்.

இரண்டு வாரம் கார் பூனைமாதிரி போனது; அம்மாவும் முரண்டு பிடிக்காமல் வந்தாள். மூன்றாவது வாரம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன்பே, ஒரு வேகத்தடையில் ‘டொக்’ திரும்ப வந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஊர் திரும்பியதும் பாய் காருக்கடியில் குனிந்து பார்த்தார். “அண்ணே, அந்தரத்துல வச்சா முறுக்குனீய? தரையில எறக்கி, பாரம் ஏறின பொறவுல்லா முறுக்கணும். இல்லன்னா ரப்பர் திருகுனபடியே நின்னு கிழிஞ்சிரும். தாள்ல படமே போட்டிருக்கே!”

நான் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“நாந்தான் அவசரப்பட்டுட்டேன் பாய். பையன் சரியாத்தான் படிச்சான்” என்றார் அப்பா.

அம்மாவிடமும் அதையேதான் சொன்னார். “ஒங்களுக்கு எதுலயும் அவசரந்தான்” என்று அவளிடம் ஒரு வாரம் முழுக்கத் திட்டு வாங்கினார். அடுத்த ஞாயிறு திரும்பவும் மாற்றி, காரைத் தரையில் இறக்கி, பாரத்துக்கு அம்மாவையே முன்சீட்டில் உட்காரவைத்து முறுக்கினார். “என்னையக் கல்லு மூட்டையாக்கிட்டீயளே” என்று அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். அதன்பிறகு ஒரு வாரமும் அவள் ஆஸ்பத்திரியைத் தவறவிடவில்லை.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாததால் நான் தப்பித்தேன் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு, ஒர்க் ஷாப்பில் அதேமாதிரி ஒரு தாள் கைக்கு வந்தது. கார் தரையில் நிற்கிறது. போல்ட்டின் மேல் ஸ்பேனர் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு எழுத்தும் தெரியவேண்டாம். அப்பா அன்று அந்தப் படத்தைத்தான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, தன் கண் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டு, படித்தவன் சொன்னபடி ஸ்பேனரை எடுத்தார்.