சித்திரையில் போட்ட சம்பா

என் நிலத்துக்கும் சித்தப்பா மகன் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். அவன் என்னைவிட இளையவன். எழுபதுகளில் எங்கள் பக்கம் குட்டை நெல் வந்தபோது முதலில் போட்டவன் அவன்தான். சித்திரையில் விதைத்து ஆவணிக்குள் அறுத்தான். அதே நிலத்தில் திரும்பவும் நட்டான். எனக்கு வருஷத்துக்கு ஒரு சம்பாதான். அவன் களத்தில் நெல் தூற்றும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

மறு வருஷம் நானும் இரண்டு போகம் எடுத்தே தீருவது என்று இருந்தேன். அவனிடம் விதை கேட்க மனம் வரவில்லை. வீட்டில் இருந்த சம்பா விதையையே சித்திரையில் விட்டேன். ஆறு மாசப் பயிர். புரட்டாசியில் அறுத்துவிட்டு அடுத்ததை நடலாம் என்பது என் கணக்கு.

நாற்றங்காலைப் பார்த்து அவன் வரப்பில் நின்றான்.

“ணா, சம்பாவ இப்ப போட்டா கதிர் வராது. பொழுது சுருங்கினாதான் அது பூக்கும். என் வூட்ல வெத கீது, எட்துகினு போ.”

“உன் வெத உன் வூட்லயே இருக்கட்டும்” என்றேன்.

பயிர் செழித்து வந்தது. ஆடியில் இடுப்பு உயரம். ஆவணியில் மார்பு உயரம். தண்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் இலை. அவன் அறுத்துவிட்டான்.

என் மனைவி ஆரணிக்குப் போய்ப் பட்டு நூல் சுற்றுவாள். ஒருநாள் வந்ததும் சொன்னாள்.

“உன் வூட்டுக்காரர் போட்டது நெல்லா கரும்பான்னு அங்க கேட்டுச் சிரிக்கிறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“மாட்டுக்குத் தீனின்னேன். உங்க தம்பி வூட்ல புது அரிசி பொங்கியாச்சு.”



ஐப்பசியில் சாயங்காலம் சீக்கிரம் இருட்டத் தொடங்கியது. அப்போதுதான் கதிர் தலைகாட்டியது. ஊரார் ஆடியில் போட்ட சம்பாவும் அப்போதுதான் கதிர் விட்டது. அவர்களுக்கு முன்னால் போட்டும் நான் முந்தவில்லை. இரண்டாம் போகம் போச்சு.

பிறகு அடைமழை. ஆளுயரப் பயிர் எப்படி நிற்கும்? வரப்பைத் தாண்டி அவனுடைய இரண்டாம் நடவின் மேல் சாய்ந்தது. சண்டைக்கு வருவான், நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. மழை விட்டதும் நானே போனேன். அவனும் அவன் மனைவியும் சேற்றில் நின்று என் பயிரைப் பிடி பிடியாகத் தூக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கதிர் சேத்துல படாம கட்டிகினு வர்றேன்ணா. பாதியாவது தேறும்.”

பாதையில் போன ஒருவர், “தம்பின்னா இப்டி இருக்கணும்” என்றார்.

அந்தப் பேரும் அவனுக்கே போனது. நான் மறுமுனையில் இறங்கிக் கட்ட ஆரம்பித்தேன். பாதி வயலுக்கு மேல் நான் கட்டியதாக இருக்க வேண்டும் என்று வேகமாகக் கட்டினேன்.