மூன்றாவது காஜா

அந்தக் கோட்டையில் வேலை பார்க்கிற ஒருவரிடம் போய், "என்ன, வேலையெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க வருவார். மற்ற இடங்களில் அது நலம் விசாரிப்பது, அங்கே சாபம்.

காரணம் அதன் வாசல். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜாவுக்குக் கைதிகள் தப்பிக்கவே முடியாத சிறை வேண்டியிருந்தது. மந்திரம் தெரிந்த ஒரு கல்தச்சர் வந்து சொன்னார்: "பூட்டே வேண்டாம் மகாராஜா. வாசலே ஆளைப் பாத்துத் திறக்கும். உள்ளே விட்டுட்டு வர்ற ஏதோ ஒண்ணுக்காகத் திரும்பி வரணும்னு மனசார நினைக்கிறவங்களை மட்டும் வெளியே விடும். எந்தக் கைதி அப்படி நினைப்பான், சொல்லுங்க?"

ராஜா குளிர்ந்து போனார். கட்டி முடிந்ததும் சுற்றிப் பார்க்க உள்ளே போனார். அதோடு சரி. அவருக்கு அங்கே திரும்பி வர என்ன இருக்கிறது? பதினோரு நாள் வாசலோடு மல்லுக்கட்டினார். கல்தச்சரோ கூலியை வாங்கிக்கொண்டு என்றைக்கோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் ஆத்திரத்தில் காலில் கிடந்ததைக் கழற்றி வாசல்மேல் வீசினார். அது எகிறிப்போய்க் கூரையில் விழுந்தது. "ஐயையோ, என் பொன் செருப்பு! ஏணி கொண்டுவந்து எடுக்கணுமே!" என்று பதறினார் பாருங்கள், வாசல் திறந்துகொண்டது. ஒற்றைச் செருப்போடு ஓடியவர்தான், செருப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அடுத்து வந்த ராஜாக்களும் அப்படியே. ராஜா வந்து பார்த்தால்தானே மன்னிப்பு? அதனால் உள்ளே போன கைதி போனதுதான். அழுகிற பிள்ளையிடம் கோட்டை என்று சொன்னால் அழுகை நின்றுவிடும், அவ்வளவு பயம் ஊருக்கு.

வேலைக்காரர்கள் சீக்கிரமே சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். சாயந்தரம் கிளம்பும்போது எதையாவது பாதியில் விட்டு வருவது. சமையல்காரர் பிசைந்த மாவை மூடி வைப்பார். கொத்தனார் கடைசிக் கல்லை வைக்கமாட்டார். "நாளைக்குப் போய் முதல்ல அதை முடிக்கணும்" என்கிற அரிப்பு மனசில் இருந்தால் போதும், வாசல் விட்டுவிடும். சம்பளத்துக்காகத் திரும்பி வருவேன் என்று சொன்னதெல்லாம் அதனிடம் எடுபடவில்லை. வயிற்றுக் கணக்கு அதற்குப் புரியாது, மனசு மட்டும்தான் தெரியும். ஓர் எழுத்தர் இருந்தார், பாவம், எடுத்த காரியத்தை முடிக்காமல் எழுந்திருக்கத் தெரியாத மனுஷர். ஒரே ஒரு நாள் வேலைக்கு வந்தவர், இருபத்திரண்டு வருஷமாக உள்ளேயே இருந்தார்.

ஊசியக்காவுக்கு அந்தக் கஷ்டம் வந்ததில்லை. கோட்டையின் தையல்காரி அவள். கைதிகளின் சட்டை, காவலாளிகளின் கால்சட்டை, போர்வை எல்லாம் அவள் கையால்தான். தினமும் கடைசிச் சட்டையில் ஒரு பொத்தானைத் தைக்காமல் விட்டுவிட்டு, காற்றாக வெளியே வருவாள். இருபது வருஷம் இப்படியே போயிற்று.

தையல் அறையில் அவளுக்குத் துணை ஒரு கைதி. அறைகளுக்குத்தான் பூட்டே கிடையாதே, கைதிகள் உள்ளே எங்கேயும் திரிவார்கள். இவர் ஒரு காலத்தில் அரண்மனைத் தையல்காரர். இப்போதைய ராஜா சபையில் தும்மியபோது சட்டைப் பொத்தான் தெறித்து மந்திரியின் கண்ணில் அடித்தது. ராஜா பெருத்தது ராஜாவின் குற்றமா? தைத்தவர் குற்றம் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். பதினாறு வருஷமாயிற்று. ஊசியக்கா அவரை அண்ணே என்பாள். நூல் கோர்த்துக் கொடுப்பார், கதை பேசுவார். அவள் தையலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் கூடி வந்தது. சிரிக்காதீர்கள், அவளே போதுமான அளவு சிரித்துவிட்டாள். முதல் புருஷன் காய்ச்சலில் போய் இருபது வருஷம் தனியாக இருந்தவள். கோட்டைக்கு ரொட்டி கொண்டுவருகிற ரொட்டிக்காரர், தினமும் சாயந்தரம் கழுதை வண்டியில் அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுஷன், பத்தாவது வருஷம்தான் வாயைத் திறந்தார்.

"உன்னை இறக்கிவிட்டுட்டு நான் இன்னும் அரை மணி நேரம் போகவேண்டியிருக்கு. கழுதைக்குக் கால் வலிக்குது."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒரே வீடாயிட்டா கழுதைக்கு நல்லது."

கழுதையின் நலனுக்காக அவள் சம்மதித்தாள். ஒரு வாரம் லீவு கேட்டு வாங்கினாள். கல்யாணம் மறுநாள் காலை. அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை. புது வாழ்க்கைக்குப் போகிறவள் எதையும் அரைகுறையாக விட்டுப் போகக்கூடாது என்று பம்பரமாகச் சுழன்றாள். பதினேழு சட்டை, நாற்பது போர்வை, எல்லாவற்றுக்கும் மேலாக மாப்பிள்ளைச் சட்டை. கடைசிப் பொத்தானையும் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, "அப்பாடா, எல்லாம் முடிஞ்சுது!" என்றாள்.

சொன்ன வாய் சொன்னபடியே நின்றது. மூலையில் இருந்த எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஓடினாள். வாசல் அசையவில்லை. திரும்பி ஓடி ஒரு சட்டையின் பொத்தானைப் பிய்த்து எறிந்துவிட்டு வந்தாள். ம்ஹும். ஒரு போர்வையின் ஓரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தாள். வாசல் என்ன பச்சைப்பிள்ளையா, ஏமாற? அவள் மனசு முழுக்கக் கல்யாணம். போர்வை யாருக்கு வேண்டும்?

ரொட்டி உள்ளே தள்ளுகிற சந்து வழியாக ரொட்டிக்காரரின் கண் ஒன்று தெரிந்தது.

"ஏன் நிக்கிறே? வா."

"வரமுடியலைங்க. எல்லாத்தையும் முடிச்சுத் தொலைச்சுட்டேன்."

கண் மறைந்து, வண்டிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்கிற சத்தம் வந்தது. பிறகு, "சரி. நான் இங்கேயே இருக்கேன். எத்தனை நாளானாலும் இருக்கேன்" என்று குரல் கேட்டது. ஒன்பது வருஷம் காத்திருந்த ஆள்தான், சொன்னால் செய்வார். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் வாசல் யாருக்கும் திறக்காது. வெயில் மதிலின் பாதிக்கு வந்துவிட்டது. எழுத்தருக்கு ஆனதுபோல ஆகிவிட்டால்? இருபத்திரண்டு வருஷம் கழித்துப் போனால் கழுதைகூட உயிரோடு இருக்காதே!

தையல் அறையில் வந்து விழுந்து அழுதவள் பக்கத்தில் அண்ணன் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தாள். அவரோ மாப்பிள்ளைச் சட்டையை எடுத்து விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மூணாவது காஜா கோணல்" என்றார்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. காஜா என்றால் பொத்தான் நுழைகிற துளை, தெரியும் அல்லவா? தையல்காரியின் மானமே அதில்தான் இருக்கிறது.

"என்ன சொன்னீங்க?"

"கோணல்னு சொன்னேன். இத்தனை நாளா மனசுல வச்சிருந்தேன், இன்னைக்குச் சொல்லிட்டேன். உனக்குக் காஜா வராது தங்கச்சி. கோணிப்பை தைக்கிற கை உனக்கு."

"கோணிப்பையா? பதினாறு வருஷமா இந்தக் கை தைச்ச சட்டையாலதான் உங்க மானத்தை மறைச்சுட்டிருக்கீங்க!"

"அதான் நான் வெளியிலேயே தலை காட்டறதில்லை. மாப்பிள்ளை பாவம், நாலு பேர் முன்னாடி இதைப் போட்டுட்டு நிக்கப் போறார்."

"ராஜா சட்டையில பொத்தானை ஒழுங்காத் தைக்கத் தெரியாம ஜெயிலுக்கு வந்த ஆளு நீங்க! நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

"பொத்தான்தான் தெறிச்சது. காஜா நேரா இருந்துச்சு. நூல் வச்சுப் பாத்துடலாமா?"

அவள் சட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள். மூக்கு நுனி சிவந்துவிட்டது. பையைத் தூக்கித் தோளில் போட்டாள். "இப்ப எனக்கு நேரமில்லை. கல்யாணம் இருக்கு. ஆனா இதை விடமாட்டேன். இருங்க, வந்து வச்சுக்கறேன் உங்களை!"

விறுவிறு என்று நடந்தாள். காஜாவாம், கோணலாம், கோணிப்பையாம். வந்ததும் முதல் வேலை ஒரு சட்டை முழுக்கக் காஜாவாக எடுத்து அந்த ஆள் மூஞ்சியில் வீசவேண்டும். ஏழு நாள்! ஏழு நாள் எப்படிப் பொறுப்பது? இப்படிப் பொருமிக்கொண்டே போனவள், ஈரமான மூக்கு ஒன்று கையில் உரசியதும்தான் நிமிர்ந்து பார்த்தாள். கழுதை. அவள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தால், மூடிக்கொண்டிருந்த வாசலின் இடுக்கில் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எழுத்தரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஊசியக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். ரொட்டிக்காரர் கழுதையைத் தட்டி ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் சட்டையை விரித்து அந்த மூன்றாவது காஜாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

மறுநாள் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. மாப்பிள்ளை அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

எட்டாம் நாள் வேலைக்கு வந்ததும் நேரே அண்ணனிடம் போனாள். "சட்டை எங்க வீட்டுல பெட்டியில இருக்கு. போய் நல்லாப் பாத்துட்டு, திரும்பி வந்து என் முகத்துக்கு நேரா சொல்லுங்க, கோணலா நேரான்னு."

"நான் கைதிம்மா."

"வாசல் உங்களைக் கைதியான்னு கேட்டுச்சா? உங்களுக்குப் பயம். நேராத்தான் இருக்கும்னு தெரியும், அதான் மழுப்புறீங்க."

"எனக்கா பயம்?" என்று எழுந்தார். "அந்தக் கோணலைக் கண்ணால பாத்துட்டு வந்து, உன் வாயாலேயே ஒத்துக்க வைக்கலைன்னா நான் ஊசியைத் தொடமாட்டேன்!"

நடந்தார். காவலாளிகள் வாய் பிளந்து நின்றார்கள். வாசல் திறக்கிற ஆளைத் தடுக்கக்கூடாது என்பதுதான் கோட்டையின் முதல் சட்டம், அதற்குமேல் அவர்கள் என்ன செய்வார்கள்? முந்நூறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு கைதிக்கு அந்த வாசல் திறந்தது. வெளியே கால் வைத்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். பதினாறு வருஷம் கழித்து மதில் இல்லாத காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதார். பிறகு, "எந்தப் பக்கம் உன் வீடு?" என்று கத்திக் கேட்டார்.

அன்றைக்குச் சாயந்தரம் கொதித்துப்போய்த் திரும்பி வந்தார். "சட்டையைத் துவைக்கப் போட்டிருக்காம்! உன் வீட்டுக்காரர் சொல்றார்!"

"அடடா. அப்ப நாளைக்குப் போங்க அண்ணே."

மறுநாளும் துவைக்கப் போட்டிருந்தது. அதற்கு மறுநாள் காயவில்லை. இதைப் பார்த்து எழுத்தர் ஒரு கைதியோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்து, ஜெயிக்கிற நேரத்தில் காய்மேல் போன கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து, பாதி ஆட்டத்தில் வெளியே போனார். தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த காயை நகர்த்த ஓடோடி வந்தார். கைதிகள் ஆளுக்கொரு சண்டை பிடித்துக்கொண்டார்கள். போனவர்களில் சிலர் வெளியே மனசு மாறி வராமலே இருந்துவிட்டார்கள். அதற்கு வாசல் என்ன செய்யும், எழுந்து துரத்திக்கொண்டா ஓடும்? கோட்டை என்றால் இப்போது பிள்ளைகள் பயப்படுவதில்லை. ஒரே கூச்சலாக இருக்கிறதே என்று பெரியவர்கள்தான் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

ஊசியக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அண்ணன் இன்னும் தினமும் அவள் வீட்டுக்குப் போய், ரொட்டிக்காரரோடு சாப்பிட்டு, சட்டையைக் கேட்டு, ஏமாந்து, கோட்டைக்குத் திரும்பிச் சண்டை போடுகிறார். அந்தச் சட்டை துணிப்பெட்டியின் அடியில் பத்திரமாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் அதைத் தண்ணீரில் நனைத்ததில்லை. மூன்றாவது காஜா ஒரு நூல் அளவு கோணல்தான். அன்றைக்கு வண்டியிலேயே பார்த்துவிட்டாள். பிரித்துத் தைக்க அரை மணி நேரம் போதும், ஒத்துக்கொள்ள அரை நிமிஷம்கூட வேண்டாம்.

"இன்னைக்காவது காஞ்சுதா?" என்று நேற்றும் கேட்டார்.

"மழைக்காலம் அண்ணே" என்றாள். "நாளைக்குப் போய்ப் பாருங்க."