யோகக்காவின் குசினியில் என் மீன்சட்டி

காலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது புளியங்கூடலில் இருந்து யோகக்காவின் தங்கை மகன் ரமணன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அன்ரி, பெரியம்மா மோசம் போயிட்டா" என்றான். கையில் செதிலோடு மீன்சட்டியைத் தூக்கிக் குசினிக்கு வெளியே வைத்தேன். யோகக்கா வருகிறார் என்றால் மண்டைதீவில் எங்கள் வீட்டில் முதலில் நடக்கிற வேலை அதுதான். அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று கேட்டும் கை அதையே செய்தது.

யோகக்கா என்று நான் கூப்பிடும் சிவயோகம் ரீச்சரை உங்களில் பலருக்குக் கணக்கு ரீச்சராகத் தெரியும். எனக்கு அவர் குசினியில் பங்காளி. நெடுந்தீவில் ஒரே பள்ளிக்கூடத்துக்கு எங்கள் இருவருக்கும் மாற்றம் வந்தது. ஆசிரியர் விடுதியில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு குசினியும் கிடைத்தன. அவர் விபூதி பூசாமல் தேத்தண்ணி குடிக்காத சைவம். நான் கடற்தொழில் செய்கிற வீட்டில் பிறந்த கத்தோலிக்கப் பிள்ளை, மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. வந்த அன்றே அவர் நேராகச் சொன்னார்: "றெஜினா, நான் மச்சம் தொடுறதில்லை. நீர் தாராளமாச் சாப்பிடும். ஆனா குசினிக்குள்ள வேண்டாம்." நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வேலியோரம் மூன்று கல் வைத்துத் தனியாக அடுப்பு மூட்டினேன்.

மாரி தொடங்கியது. என் அடுப்பு கரைந்து போனது. ஒரு நாள் கையில் மீனும் வயிற்றில் பசியுமாக வாசலில் நான் நிற்க, யோகக்கா தன் சட்டி, அகப்பை எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். "இப்ப குசினி உம்மடது. சமையும்" என்றார். அன்று அவர் பாணும் வாழைப்பழமும் தின்றார். அடுத்த நாள் விடிந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குசினி முழுவதையும் தேய்த்துக் கழுவினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் அவ்வளவு ஊத்தையோ அக்கா?" என்று கேட்டேன். அவர் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "நீர் ஊத்தை எண்டு ஆர் சொன்னது? குசினியை விட்டுத் தந்தது உமக்காக. கழுவிறது எனக்காக. ரெண்டையும் ஏன் ஒண்டாப் போட்டுக் குழப்பிறீர்?" என்றார். ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பிறகு மழை பெய்த நாளெல்லாம் அதுவே எங்கள் வழக்கமானது. நான் சமைப்பேன், அவர் கழுவுவார்.

எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளிகளில் மீனும் இல்லை. அந்த நாட்களில் மட்டும் இருவருக்கும் ஒரே சட்டி. "உம்மட ஆண்டவர் வருசம் முழுக்க நோன்பிருந்தால் எனக்கு எவ்வளவு வேலை மிச்சம்" என்று கேலி செய்வார். பள்ளிக்கூட விழாவொன்றில் ஒரு பேச்சாளர் எல்லாக் கடவுளும் ஒன்றுதான் என்று முழங்க, அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒண்டில்லை, வேற வேறதான். வேறயாவே இருக்கட்டும். அதுக்கேன் அடிபடுவான்?" என்று என் காதுக்குள் சொன்னார்.

விடுதியை விட்டு வந்து பல வருடங்களின் பின், இப்படி இருந்தவர் ஒரு நாள் உடைந்துபோனதைப் பார்த்தேன். அவருடைய ஒரே மகன் கோபி, கனடாவில் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான். அன்று பின்னேரமே பஸ் ஏறி மண்டைதீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து அழுதார். "உம்மட ஆக்கள் என்ர பிள்ளையைக் கொண்டு போட்டினம்" என்றார். அது எங்கள் கோயில் இல்லை, வேறு சபை என்றேன். "எனக்கு எல்லாம் வேதம்தான்!" என்று கத்திவிட்டு எழுந்து போனார். எங்கள் பக்கம் கிறிஸ்தவத்தை வேதம் என்றுதான் சொல்வது. அதன் பிறகு கனகாலம் வரவில்லை. எனக்கும் நொந்துதான் போனது.

திரும்பி வந்தபோது நன்றாக மெலிந்திருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "றெஜினா, எனக்கு அவன்தான் கொள்ளி வைக்கவேணுமெண்டு ஆசை. இல்லையெண்டு சொன்னால் பொய். ஆனா நம்பாத பிள்ளையின்ர கையில நெருப்பைக் குடுத்து என்ன பிரயோசனம்? அண்டைக்கு அவனை ஒருத்தரும் நெருக்கக் கூடாது. நீர் பாத்துக்கொள்ளும்."

"நான் வேதக்காரி. என்ர சொல்லை உங்கட ஆக்கள் எடுப்பினமோ?"

"எடுக்க மாட்டினம். அதுதான் ரமணனிட்டையும் சொல்லி வைச்சிருக்கிறன், அவன் வைக்கட்டும். ஆனா அவன் வாய் திறக்க நேரம் எடுக்கும். நீர் முதல் திறவும்."

ரமணன் கூச்சக்காரன் என்பது தீவுப்பகுதி முழுக்கத் தெரியும்.

கோபி கனடாவில் இருந்து வந்து சேர்ந்த பிறகுதான் பிரேதத்தை எடுத்தார்கள். யோகக்கா பயந்தது அப்படியே நடந்தது. கிரியை தொடங்கும் நேரம் கோபி தயங்கி நிற்க, யோகக்காவின் தம்பி எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டார். "பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்காதவன் என்ன பிள்ளை? அவவின்ர கட்டை வேகுமோ?" கோபி தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் ஒரு வார்த்தை விழுந்தால் நெருப்பை வாங்கியிருப்பான், வாழ்நாளெல்லாம் அதை நினைத்து நொந்துமிருப்பான்.

நான் எழுந்தேன். "அவனை நெருக்க வேண்டாமெண்டு யோகக்கா என்னட்டச் சொன்னவ" என்றேன்.

"வேதத்துக்கு வேதம் பரிஞ்சு வருதோ? உங்கட கதை எங்களுக்குத் தேவையில்லை" என்றார் அவர்.

நான் ரமணனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். யோகக்கா சொன்னது போலவே அவனுக்கு நேரம் எடுத்தது. கடைசியில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தான். "பெரியம்மா எனக்கும் சொன்னவ, மாமா. நான்தான் வைக்கவேணுமாம். அண்ணையை விடுங்கோ" என்றான். குருக்கள் அவனைக் குளித்துவிட்டு வரச் சொன்னார்.

பாடை தூக்கும்போது கோபி தோள் கொடுக்க முன்னுக்குப் போனான். போகும் வழியில் என்னருகில் நின்று கேட்டான்: "அன்ரி, அம்மா என்னோட கோவமோ?"

"அழுதவ. நல்லா அழுதவ. பிறகு கண்ணைத் துடைச்சுக்கொண்டு உனக்காக ரமணனைக் கூப்பிட்டவ" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்த் தாயைத் தூக்கினான். சுடலைக்குப் போகாமல் வாசல் படலையடியில் நின்ற பெண்களோடு நானும் நின்று அழுதேன்.

மண்டைதீவுக்குத் திரும்பியதும் நேராகக் கிணற்றடிக்குப் போய் உடுத்த சேலையோடு தலையில் தண்ணீர் அள்ளி வார்த்தேன். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தோயாமல் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது யோகக்காவின் ஒழுங்கு. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "உமக்கேன் இந்த வேலை?" என்று கேட்டார் என் கணவர். தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய், யோகக்காவின் ஆத்துமத்துக்காகச் செபமாலை சொன்னேன்.

அவர் என்னிடம் விட்டுப்போனது இதுதான். தோய்ந்தது அவருக்காக. செபித்தது எனக்காக. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை, அக்கா.