அரைமணியம்மா சொல்லாமல் போன விலை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டைச் சுத்தம் செய்ய விலை பார்க்கப் போனது. செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். மூன்றரைக்கே அம்மா அழைப்பு மணியை அழுத்திவிட்டாள்.

தோளில் ஈரத்துணியோடு டிரைவர் கதவைத் திறந்தார்.

"நாலு மணின்னுதானே சொன்னீங்க?"

"பஸ் சீக்கிரம் வந்துருச்சுங்க."

"பஸ்ஸா? சீக்கிரமாவா? முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கேன்மா. ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்ல."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பதினாறு வருடமாகச் சொல்லிவந்த பொய். அன்றுதான் முதல் தடவை பிடிபட்டாள்.

பொய்க்குக் காரணம் உண்டு. வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் தேடுகிறவர்கள், விலை பார்க்க வருகிறவர்களுக்கு அழுக்கைக் காட்ட வெட்கப்படுவார்கள். வருவதற்கு முந்தைய அரை மணியில் அவசர அவசரமாகக் கூட்டித் துடைப்பார்கள். அதைப் பார்த்து விலை சொன்னால் நமக்குத்தான் நஷ்டம். அதனால் அம்மா எங்கும் அரை மணி முன்னதாகவே போய் நிற்பாள். அவளிடம் வேலை பார்த்த மூன்று பெண்களும் வைத்த பெயர், அரைமணியம்மா. வாடிக்கையாளர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நான் லிஃப்ட் தயாரிக்கும் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்தேன். தரைப்பரப்பு, குளியலறைகளின் எண்ணிக்கை, ஜன்னல்களின் எண்ணிக்கை மூன்றையும் போட்டால் வேலை நேரம் வரும். நேரத்திலிருந்து விலை. அளக்க லேசர் கருவியும் வாங்கினேன்.

"இது சிவப்பா ஒரு புள்ளி காட்டுதே, அங்கதான் அழுக்கு இருக்கா?" என்றாள் அம்மா.

அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் நான் தனியாகப் போனேன். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போனேன். வீடு பளபளவென்று இருந்தது. ஒரு குளியலறை மட்டும் பூட்டியிருந்தது. "அதுல தண்ணி வர்றதில்லங்க" என்றார் வீட்டுக்காரர். நான்கு மணி நேர வேலை என்று கணக்கிட்டு, அங்கேயே விலையையும் சொன்னேன். வேலைக்குப் போனவர்கள் அந்தக் கதவைத் திறந்தபோது, மொத்த வீட்டின் குப்பையும் உள்ளே கூரைவரை அடுக்கியிருந்தது. அந்த வேலைக்கு ஒன்பது மணி நேரம் ஆனது.

அம்மா விலையை ஏற்றவில்லை. "வாயால சொல்லிட்டா சொன்னதுதான்" என்றாள். என் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தாள். "விலை சொன்ன மகராசியே வந்து தேய்க்கட்டும்." லீவு போட்டுத் தேய்த்தேன். பிழை, நூற்று இருபத்தைந்து சதவீதம்.

அம்மா எதையும் அளப்பதில்லை. கேள்வி கேட்பாள். வீட்டில் நீளமான முடி எத்தனை பேருக்கு? அது குளியலறைச் சாக்கடைக்கு. பலகாரம் அடிக்கடி பொரிப்பீர்களா? அது அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவருக்கு. வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் எந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்று மட்டும் கவனிப்பாள். "இதையும் பாத்துரலாமே" என்று அவரைத் தாண்டிப் போய்த் திறந்துவிடுவாள்.

விலையை அன்றைக்கே சொல்லமாட்டாள். போனிலும் சொல்லமாட்டாள். இரண்டு நாள் கழித்து நேரில் போவாள். "அன்னிக்கே சொன்னா வாய்க்கு வந்ததைச் சொல்றான்னு நினைப்பாங்க. ரெண்டு நாள் விட்டா, ராத்திரியெல்லாம் தூங்காம கணக்குப் போட்டான்னு நினைப்பாங்க." குறைக்கச் சொன்னால் உடனே சரி என்பாள். "எந்த ரூமை விட்டுறலாம்? நீங்களே சொல்லுங்க." கேட்டவர் ஒவ்வோர் அறையாக யோசித்துப் பார்த்துவிட்டு முதல் விலைக்கே வந்து சேருவார்.

டிரைவரின் வீட்டில் நான்கு அறைகளைப் பார்த்தோம். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது என்றார். ஐந்தாவது கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அந்த ரூம்?" என்று லேசரைத் தூக்கினேன்.

"அது பூட்டியிருக்கும்மா. சாவி எங்கயோ கிடக்கு."

சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. அம்மா என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். பிறகு அவரிடம், எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிப்பீர்கள் என்று கேட்டாள். அவர் காட்டினார். "அந்தக் கண்ணாடியை நல்லா தொடைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"விலை?"

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து சொல்றேங்க."

"அப்ப நான் மூணரைன்னு வெச்சுக்கிறேன்" என்றார்.

தெருவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அஞ்சாவது ரூமைப் பாக்காம எப்படிம்மா கணக்கு வரும்?"

"உன் மெஷின் கதவுக்கு அந்தப் பக்கம் போகுமா?"

"போகாது."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வா."

புதன்கிழமை காலை ஆறு இருபதுக்கு அம்மாவின் இதயம் நின்றது. வயது அறுபத்து மூன்று. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்றாவது வாரம் நெட்டையக்கா வீட்டுக்கு வந்தார். மூன்று பெண்களில் மூத்தவர், ஏணி இல்லாமலே மின்விசிறியைத் துடைப்பவர்.

"பழைய வீடுங்களை நாங்க பாத்துக்குவோம், பாப்பா. ஆனா மாசம் ஒருத்தராவது வீடு மாத்திக்கிட்டுப் போயிடறாங்க. புது வீடு வந்தாத்தான் ஓடும். புது வீட்டுக்கு விலை சொல்ல யாரு இருக்கா? இப்படியே போனா வருஷக் கடைசியில நாங்க மூணு பேரும் ஆளுக்கொரு கம்பெனி வாசல்ல வேலை கேட்டு நிப்போம்."

"நான் சொல்றேன்கா."

"உன் மெஷின் சொல்ற விலைக்கா? அந்தக் குளியலறை இன்னும் என் கனவுல வருது."

அம்மாவின் நோட்டை எடுத்தேன். டிரைவரின் வீடுதான் கடைசிப் பக்கம். அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். என் சூத்திரப்படி, பூட்டின அறையையும் உத்தேசமாகச் சேர்த்து, பதினொரு மணி நேரம். அம்மாவின் பென்சில் எழுத்தில் ஹால் இரண்டரை, சமையலறை இரண்டு, குளியலறை ஒன்றரை, படுக்கையறை ஒன்றரை. மொத்தம் ஏழரை. அதன் கீழே: "பூட்டின ரூம் இப்ப வேண்டாம். அவரே என்னிக்காவது கூப்பிடுவார். அப்ப தனி விலை."

அதற்கும் கீழே, அடிக்கோடிட்டு: "வியாழன் நாலு மணிக்கே போகணும். சீக்கிரம் போகக் கூடாது. அவர் கூட்டட்டும்."

நெட்டையக்கா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "அரைமணியம்மாவா இப்படி எழுதுச்சு?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏழரை மணி நேரக் கணக்குக்கு நாங்க வர்றோம். ஆனா நீதான் நேர்ல போய்ச் சொல்லணும். அவர் குறைக்கச் சொன்னா பல்லைக் காட்டிட்டு நிக்காத. எந்த ரூமை விடணும்னு கேளு."

டிரைவருக்குப் போன் செய்தேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். விலையை வியாழக்கிழமை நேரில் வந்து சொல்வதாகச் சொன்னேன்.

"மூணரைக்கா, நாலுக்காம்மா?"

"நாலுக்குங்க."

இன்று வியாழக்கிழமை. லேசரை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அம்மாவின் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு சிக்னலும் சிவப்பாக இல்லை, பஸ் சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னால் அவர் நம்பமாட்டார். மூன்று முப்பத்தொன்றுக்கே அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

உள்ளே துடைப்பத்தின் சத்தம். நாற்காலியை இழுக்கும் சத்தம். வாளி வைக்கும் சத்தம். பிறகு மறுபடி துடைப்பம்.

மணியை அழுத்தவில்லை. படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, ஏழரை மணி நேரத்துக்கான விலையை மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நான்கு அடிக்க இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.