வெள்ளைப் பூனைக்குக் கேட்ட நிழல்

குருநகரில் இருந்தவரை எங்கள் பூனையின் காதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை. கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்குக் கீழே பகல் முழுக்கப் படுத்துக் கிடக்கும். வள்ளம் கடலுக்குப் போய்விட்டால் ஒழுங்கையின் நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு கறுப்பு மயிர் கிடையாது. கோடையில் அதன் காதோரம் கொஞ்சம் சிவக்கும், மாரி வந்ததும் மாறிவிடும். காது ரோசாப்பூ நிறமென்று செல்லம் கொஞ்சியவர்களும் உண்டு.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குப் பயந்து எழும்பி ஓடினோம். சண்டிலிப்பாயில் ஒரு தோட்டக்காரர் தன் வீட்டு வளவின் மூலையில் தகரத்தைச் சரித்துப் பத்தி ஒன்று இறக்கிக் குடியிருக்க இடம் தந்தார். அப்பா, அம்மா, நான், பூனை. எனக்குப் பதினைந்து வயது. வீட்டுக்காரர் முட்டையைக்கூட உள்ளே எடுக்காத சைவக்காரர். நாங்கள் மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். வாடகை என்ற சொல் அவர்கள் வாயில் வரவேயில்லை. வாங்கியிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன். இப்போதோ கிணற்றடிக்குப் போவதென்றாலும் அவர்கள் எல்லோரும் குளித்து முடிந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். கருவாடு சுட்டால் அம்மா தகரக் கதவைச் சாத்திவிட்டுச் சுடுவாள். புகைக்குக் கதவு தெரியுமா? வளவு முழுக்க மணக்கும். நான் சாப்பிட்டு முடியும்வரை தலை நிமிர்த்த மாட்டேன்.

பூனைக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. சிவப்பு மண் தோட்டம், புகையிலைக் கன்று, வரம்பு, கிணற்றுக் கட்டு எல்லாம் தனக்கே எழுதித் தந்த மாதிரித் திரிந்தது. எங்கள் பத்திக்குள் மட்டும் நிற்காது. பத்து மணிக்கே தகரம் கொதிக்கத் தொடங்கிவிடும். பிறகு அது வெளியே போய்க் காற்றுப் படுகிற இடமாகப் பார்த்துக் கிணற்றுக் கட்டில் நீட்டி நிமிர்ந்து படுக்கும். வெயில் நேரே காதில் விழும். பங்குனி முடிவதற்குள் காதோரம் காய்ந்து, செதில் விட்டு, நுனி உள்ளே சுருண்டது. சொறிந்து சொறிந்து இரத்தம் வந்தது. வீட்டுக்காரருடைய சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று அடுத்த வளவில் கதைத்தார்கள். பூனையை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தோம். எல்லோரையும்விட அப்பாதான் கூடப் பயந்தார். கடலுக்குப் போகத் தடை, வள்ளம் கரையில் என்ன பாடென்று தெரியாது, பழைய வாழ்க்கையில் மிச்சமென்று அவர் கையால் தடவக்கூடியதாக அந்தப் பூனை ஒன்றுதான் இருந்தது.

அவர் வைத்தியம் தொடங்கினார். எழும்பி ஓடிய அவசரத்தில் வலைப் பையோடு சுறா எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் எங்களோடு வந்திருந்தது. வள்ளத்துப் பலகை வெயிலுக்கு வெடிக்காமல் இருக்க ஆண்டுக்காண்டு பூசுவது அது. பலகைக்கு நல்லதென்றால் காதுக்கும் நல்லதுதானே என்பது அப்பாவின் கணக்கு. அம்மாவும் தலையாட்டினாள். எங்கள் கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். துணித் துண்டில் தோய்த்து இரண்டு காதிலும் மூக்கிலும் தாராளமாகப் பூசினார். பூனை நக்கியது, நக்கிய வாயால் உடம்பெல்லாம் நக்கியது. வளவே குருநகர்க் கரை மாதிரி நாறியது. எண்ணெய் பட்ட காது வெயிலில் இன்னும் மோசமாகப் பொரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் கோயிலுக்குக் கட்டுவதற்கென்று தோய்த்த வேட்டி வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. காற்றுக்கு அது கீழே சரிந்து விழ, பூனை அதன்மேல் ஏறிப் புரண்டு நித்திரையாகிவிட்டது. நான்தான் முதலில் கண்டேன். சவர்க்காரம் கிடைக்காத காலம். ஊரெல்லாம் பனம்பழக் களியால் துணி தோய்த்தார்கள். அம்மா ஒளித்து வைத்திருந்த ஒரு துண்டுச் சவர்க்காரம் முழுவதையும் அந்த வேட்டியில் கரைத்தாள். மணம் போகவில்லை. வீட்டுக்காரர் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் மனதுக்குள் திருப்பி ஏசிவிட்டு ஆறியிருப்பேன். அவர் படலையைத் திறந்து போவதை நான் தகர ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அடுத்த கிழமை அவர்களுடைய மாட்டுக்கு ஊசி போட மிருக வைத்தியர் சைக்கிளில் வந்தார். வீட்டுக்காரரின் மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். அந்த மாமியே, இந்தப் பூனையையும் ஒருக்கால் பாருங்கோ என்று அவரிடம் சொன்னார். எனக்கு அந்த உதவியும் குத்தியது. வைத்தியர் காதைத் தொட்டார், விரலை மணந்தார், என்ன பூசினீர்கள் என்று கேட்டார். வள்ளத்துக்குப் பூசுவது, சேர் என்றார் அப்பா. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இது தொற்று வியாதி இல்லை என்று வைத்தியர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வெள்ளைப் பூனைக்குக் காதிலும் மூக்கிலும் மயிர் ஐது, அடர்த்தி இல்லை, தோலில் நிறமும் இல்லை, அதனால் வெயில் நேரே சுடுகிறது. இப்படியே விட்டால் புற்றாக மாறிக் காதைத் தின்னும், பிறகு காதை வெட்ட வேண்டும், வெட்டுவதற்கு மயக்க மருந்துக்கு எங்கே போவது? எண்ணெயும் வேண்டாம், களிம்பும் வேண்டாம், எதைப் பூசினாலும் நக்கும் என்றார்.

"பத்து மணியிலையிருந்து நாலு மணி மட்டும் வெளியிலை விடாதையுங்கோ. குளிர்ச்சியான அறை ஒண்டுக்குள்ளை பூட்டி வையுங்கோ, அவ்வளவும் காணும்."

குளிர்ச்சியான அறை. அந்த வளவில் அப்படி ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்காரருடைய கல்வீட்டின் பின்பக்கம், விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கூரை வளையில் தூக்கியிருந்த அறை. தடித்த சுவர், சின்ன யன்னல், நடுப்பகலிலும் நிலம் சில்லென்றிருக்கும். வேட்டியை நாறடித்த பூனைக்கு அந்த அறையைக் கேட்பதா? ஒரு சிரட்டை உப்புக்கூட அவர்களிடம் கேட்டதில்லை அப்பா. அவர் இரண்டு முறை குசினிப் பின்வாசல்வரை போய், மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் பூனையின் இடது காது நுனி கறுத்துவிட்டது. மூன்றாம் முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடியும் மழையில் தொடங்கினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானே கேட்டேன்.

"மாமி, பகலிலை எங்கடை பூனையை உங்கடை வெங்காய அறைக்குள்ளை விடட்டோ?"

மாமி நிமிர்ந்து எங்கள் தகரக் கூரையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகமும் கழுத்தும் வேர்க்குரு போட்டுச் சிவந்து கிடந்தன. அம்மா பகலில் தோட்டத்து மர நிழலில் வெங்காயம் கட்டப் போய்விடுவாள், நான் பள்ளிக்கூடம். தொழில் இல்லாத அப்பாதான் ஈரத் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு அந்தத் தகரத்துக்குக் கீழே கிடப்பார்.

"விடுங்கோ. ஆனா தனியப் பூட்டினா அது கத்தும், அண்ணை. நான் ஒரு பாய் போட்டு விடுறன். நீங்களும் கூட இருந்தாத்தான் சரிவரும்."

அப்படியாக அப்பா பூனைக்குக் காவலானார். பத்து மணிக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் நாலு மணிக்குத்தான் வெளியே வருவார், தலையெல்லாம் வெங்காயச் சருகு. ஆழ்கடலுக்குப் போய் வந்த மனிதர் பூனையோடு அறைக்குள் இருக்கிறாராம் என்று ஒழுங்கையில் பகிடி. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, உன்ரை அப்பாவுக்குப் பூனை சம்பளம் குடுக்கிறதோ என்று கேட்டாள். நான் அவளோடு கதைப்பதை விட்டேன். அப்பாவோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பூனையின் வலது காது காய்ந்து மயிர் பிடித்தது. இடது காதில் நுனி கழன்று விழுந்தது, ஆனால் புண் ஆறிவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோசப்படக்கூட எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் வழக்கத்தைவிட நேரத்தோடு விட்டது. நேரே வெங்காய அறைக்குப் போய்க் கதவைத் திறந்தேன். பூனை மூலையில் மூட்டை மேலே சுருண்டு கிடந்தது. அப்பா பாயில் மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் ஈரத் துவாய் இல்லை. கழுத்து வேர்க்குரு வாடிப்போயிருந்தது. நான் அதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி, வாயில் வந்ததைக் கொட்டினேன்.

"பூனை இப்ப கத்திறேல்லைத்தானே, அப்பா. வெளியிலை வாங்கோ. சனம் சிரிக்குது."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"அது முதல் நாளும் கத்தேல்லைப் பிள்ளை. கத்தாதெண்டு எனக்குத் தெரியும். உன்ரை மாமிக்கும் தெரியும்."

பின்வாசலில் மாமி அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது. அவரைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை. இத்தனை நாளும் நான் சிரிக்கிற சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திறந்த கதவால் புகுந்த வெயில் அப்பாவின் கால்வரை வந்திருந்தது. மெல்லச் சாத்திவிட்டு வந்தேன்.