வாளியின் அடியில் நின்ற மண்

எங்கள் தோட்ட லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் மூடி போட்ட வாளி ஒன்று இருக்கும். மலையோடையிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து, காலையில் அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு காய்ச்சுவோம். மழைக்காலத்தில் அடியில் கொஞ்சம் மண் நிற்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

நான் தேயிலைத் தோட்ட ஆபீஸில், மானேஜர் துரைக்குக் கீழே கணக்கு எழுதும் கிராணி. தாவோ தத்துவத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எதையும் வலிந்து செய்யாதே, கலங்கிய நீரைச் சும்மா விட்டால் தானே தெளியும் என்ற கருத்து எனக்குப் பிடித்துப் போயிற்று. வாளியே அதற்குச் சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு, குழாய் தொடங்கும் தொட்டிவரை நடந்தேன். தொட்டிக்கு மேலே இருந்த சரிவைக் காய்கறி போடுவதற்காக யாரோ வெட்டித் திறந்திருந்தார்கள். அகலம் என் காலடிக்கு நாற்பது. சிவப்பு மண்ணும் கோழிச்சாண உரமும் ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து அனைத்தையும் டைரியில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் முதல் வாளியின் அடியில் நின்ற மண்ணை ஸ்கேல் வைத்து அளந்தேன். நான்கு மில்லிமீட்டர். பிறகு ஆறு.

பக்கத்து வீட்டுப் பெண் கொழுந்து பறிப்பவள். ஆறு வயது மகளோடு இருக்கிறாள். வேலியோரம் வந்து கேட்டாள்.

“அண்ணே, தண்ணி ஒரு மாதிரியா இருக்கே. துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“கொஞ்ச நாள் விடும்மா. தானா தெளிஞ்சிடும்.”

“நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்லா.”

அந்த ஞாயிறிலிருந்து ஒன்பதாம் நாள் அவள் மகளை வயிற்றுப்போக்கோடு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றும் அளந்தேன். பதினொன்று.

பத்தொன்பதாம் நாள் காலை, தோட்ட மண்டபத்தில் மன அமைதிப் பயிற்சி. கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர், திரையில் அருவிப் படம் ஓட, கைப்பேசியில் அரை நிமிடத்துக்கு ஒரு ஞானம் விற்பவர்களின் அதே குரலில் பேசினார்.

“தண்ணி மாதிரி இருங்க. எதையும் எதிர்க்காதீங்க. குறை சொல்லாதீங்க.”

முன்வரிசையில் துரை தலையாட்டினார். தாழ்ந்த இடத்தை விரும்பித் தேடும் நீரைப் பற்றிய தாவோ சிந்தனை, தாழ்ந்த இடத்தில் இருப்பவர்களின் வாயை அடைக்கும் துணியாகி இருந்தது. அருவருப்பாக இருந்தது. அதே துணியை வேலியோரம் நின்று நானும் நீட்டியவன்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் எழுந்தாள்.

“எந்தத் தண்ணி மாதிரி சார்? எங்க பைப்புல வருதே, அது மாதிரியா?”

மண்டபம் சிரித்தது. பழுப்புத் தண்ணீர் நிறைந்த பாட்டிலை அவர் மேசையில் வைத்தாள். அவர் அதை இரண்டு விரலால் தூக்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, தன் மினரல் தண்ணீரில் ஒரு மடக்கு குடித்தார்.

“மழைக்குக் கலங்கும்லா,” என்றார் துரை. “ரெண்டு நாள்ல சரியாயிடும். எப்ப ஆரம்பிச்சது, எதனாலன்னு யாருக்குத் தெரியும்?”

“அண்ணனுக்குத் தெரியும். மழை, வெயில் எல்லாம் தினமும் எழுதுவாரு. வாசிங்கண்ணே. தண்ணிய சரி பண்ணினாத்தான் பிள்ளைய வீட்டுக்குக் கொண்டாருவேன்.”

டைரி சட்டைப்பையில் இருந்தது. வாசித்தால் என் மௌனமும் வெளியே வரும். எழுந்து, அந்த ஞாயிறிலிருந்து வாசித்தேன். வெட்டிய சரிவு, நாற்பது காலடி, கோழிச்சாணம், மில்லிமீட்டர்கள். பதினொன்று என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன்.

“அப்ப மொத நாளே தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வாளி தெளிவது அதற்குள் புதிய மண் விழாததால். ஓடையில் மண் விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சிறு வித்தியாசம் அளந்தவனுக்குத் தெரியவில்லை. வழியில் பாறை வந்தால் நீர்கூடச் சுற்றிப்போக இடம் தேடுகிறது. நான் ஸ்கேலைத் தேடினேன். பயத்துக்கும் சோம்பலுக்கும் தாவோ என்று பெயர் வைத்திருந்தேன்.

துரை டைரியை வாங்கி நகல் எடுக்கச் சொன்னார். அதிலிருந்து நான்காம் நாள் தொட்டியை வெட்டிய சரிவுக்கு மேலே மாற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் பிள்ளை வீடு திரும்பியது.

இன்று காலை வாளியின் அடியில் மண் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்று, துரையைப் பார்க்க வேண்டும், ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. கிராணி என்றாள்.