பதினொன்றை மறைத்தேன்

பிப்ரவரியில் என் இரத்தத்தில் அந்த எண் பதினொன்றாக ஏறியது. தேவபிள்ளைகளே, அதை உங்களிடம் மறைத்தேன்.

அதற்கு முந்தின ஆகஸ்டில் என் குடலிலிருந்து கட்டியை வெட்டி எடுத்தார்கள். புற்று இரத்தத்தில் கசியவிடும் ஒரு புரதம் இருக்கிறதாம். அதன் எண் குறைந்தே இருந்தால் நல்லது, ஏறினால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம் என்றார் டாக்டர். நவம்பரில் எனக்கு மூன்று. "இப்போதைக்கு நோயில்லை" என்றார் அவர். நம் சபையில் சுகம் பெற்றவன் எழுந்து சொல்லியாக வேண்டும். டத்தோ கிராமாட் சாலையில் நம் சபை கூடும் இந்தக் கடைவீட்டு மாடியில், கிறிஸ்துமஸ் ஆராதனையில் எழுந்தேன். மூன்று என்றேன். பூரண சுகம் என்றேன். அந்த "இப்போதைக்கு" மட்டும் என் தொண்டையிலேயே தங்கிவிட்டது. நீங்கள் கைதட்டினீர்கள். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது.

பிறகு பதினொன்று. டாக்டர் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார். போகவில்லை. "கர்த்தாவே, எண்ணைக் குறையும், என் சாட்சியைக் காப்பாற்றும்" என்று உபவாசமிருந்தேன். உயிரைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டேன்.

மார்ச்சில், ஜெலுத்தோங் பசாரில் மீன் வாங்கும்போது சகோதரர் தேவராஜ் என் தோளைத் தட்டினார்.

"பிரதர், எனக்கும் அதே குடல்லதான் கட்டி. ஆப்பரேஷன் வேணாம்னு சொல்லிட்டேன். ஒங்களுக்குச் செஞ்ச கர்த்தரு எனக்குச் செய்ய மாட்டாரா? கத்தி இல்லாமலே செய்வாரு லா!"

நான் "ஆமென்" என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி மீனை அலசியபடியே கேட்டாள். "ஆமென்னா சொன்னீங்க? அவரு பொணத்துக்கு முன்னாடியும் இதே வாயாலதான் பாடப் போறீங்களா?"

மே மாதம் ஒரு கிளினிக்கில் மறுபடி இரத்தம் கொடுத்தேன். பத்தொன்பது. அன்று ஜெபம் மாறியது. எண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. "என் வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் அழுதேன்.

அந்த ஞாயிறு, போதகர் பேசத் தொடங்குமுன் எழுந்தேன். பதினொன்று, பத்தொன்பது, ஸ்கேனுக்குப் போகாதது, எல்லாம் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. "விசுவாசம் விழுந்துபோச்சு" என்றது பின்வரிசை. தேவராஜின் மனைவி எழுந்தார்.

"நாலு மாசம் ஊர ஏமாத்திட்டு இன்னிக்கு அழுவுறீங்களா அண்ணே? ஒங்க மானத்துக்கு எம் புருஷன் சாகணுமா?"

கணவரின் மணிக்கட்டைப் பிடித்துப் படியிறக்கிக் கொண்டுபோனார். மறுநாளே ஆஸ்பத்திரி.

காத்திருந்த மாதங்களில் அவருடைய கட்டி வளர்ந்திருந்தது. அதிகமாக வெட்டினார்கள். இனி வாழ்நாள் முழுக்க மலம் இறங்க வயிற்றில் ஒரு பை. எனக்குப் புற்று ஈரலுக்குப் பரவியிருந்தது; அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். "பிப்ரவரியிலேயே வந்திருந்தால் கொஞ்சம் வெட்டினாலே போதுமாயிருந்திருக்கும்" என்றார் டாக்டர். இருவரும் உயிரோடிருக்கிறோம்.

பசாரில் என்னைக் கண்டால் தேவராஜ் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். தன் சொந்தக் காலால் நடந்து என்னை வெறுக்கிறார். அந்த நடைக்காக ஒவ்வொரு முறையும் அங்கேயே, மீன் தண்ணீரில் நின்றபடி, ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு அடுத்த இரத்தப் பரிசோதனை. எண் எதுவானாலும் ஞாயிறன்று இங்கே சொல்வேன். உங்களில் யாராவது பயத்தில் ஊமையாகியிருந்தால் கர்த்தரிடம் கேளுங்கள். உங்கள் வாயைத் திறப்பார். இரக்கமே பார்க்காமல் திறப்பார். நம்பிக் கேளுங்கள்.